சாளைக் கறி சிந்திய பத்திரிகை

கல்யாணமாகி நான் இரணியலுக்கு வந்தபோது எங்களுக்குக் கிடைத்த வாடகை வீட்டில் பாதி எங்களுடையதாக இல்லை. முன்னறையில் வாசகசாலை இருந்தது. என் வீட்டுக்காரர் முன்சீப் கோர்ட்டில் நகல் எழுதும் வேலையில் இருந்தார். அவர் கையெழுத்து அழகாக இருக்கும் என்பதால் அவரையே வாசகசாலைக்குக் காரியதரிசி ஆக்கியிருந்தார்கள். அறையில் ஒரு மேஜை, இரண்டு பெஞ்சு, கைவைத்த நாற்காலி ஒன்று. சுவரில் விதிகள் எழுதிய அட்டை தொங்கியது. மூன்றாம் விதி இது: ‘அங்கத்தினர் அல்லாதார் பத்திரிகையைத் தொடலாகாது.’ ஐந்தாம் விதிப்படி பெண்கள் அங்கத்தினர் ஆக முடியாது. இரண்டையும் என் வீட்டுக்காரரே தன் அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார்.

வாசகசாலை என்று பெயரே ஒழிய, வந்துகொண்டிருந்தது ஒரே ஒரு பத்திரிகைதான். அது மெட்ராஸில் அச்சாகி, திருநெல்வேலி வரை ரயிலில் வந்து, ஆரல்வாய்மொழி வழியாக வடசேரிக்கு பஸ்ஸில் இறங்கி, இன்னொரு பஸ் ஏறி எங்கள் ஊருக்கு வரும். தபால்காரர் உச்சி நேரத்தில் கொண்டுவந்து என் கையில் கொடுப்பார். அங்கத்தினர்கள் வருவது சாயங்காலம் நாலரை மணிக்கு. இடையில் உள்ள நாலரை மணி நேரமும் நானும் பத்திரிகையும் தனியாக ஒரே வீட்டில் இருந்தோம். மிஷன் பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்பு வரை படித்தவள் நான். எழுத்து என்று எது கண்ணில் பட்டாலும் வாசித்துவிடுவேன். மேலே சுற்றியிருக்கும் காகிதப் பட்டையைக் கிழியாமல் உருவி, வாசித்து முடித்து, அதே மடிப்பில் மடித்துத் திரும்பச் செருகிவிட நான் ஒரு வாரத்தில் கற்றுக்கொண்டேன்.

முன்னறைக்கும் அடுக்களைக்கும் நடுவே பலகைத் தட்டிதான் இருந்தது. அதில் ஒரு பலகையில் கணு கழன்று விழுந்து, கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. அதன் வழியாக நான் பார்த்த வாசகர்கள் நாலு பேர். வேறு சிலரும் வருவார்கள், போவார்கள். நாள் தவறாமல் வந்தவர்கள் இந்த நாலு பேர்தான்.

முதலில் வருபவர் பென்ஷன் வாங்கிய தாசில்தார். கைவைத்த நாற்காலி அவருடையது. அவர் பத்திரிகையை எடுத்தால் பெயரில் தொடங்கி, கடைசிப் பக்கத்தின் அடியில் அச்சிட்டவர் விலாசம் வரைக்கும் போய்த்தான் கீழே வைப்பார். அதுவும் உரக்க வாசிப்பார். ஒவ்வொரு செய்தி முடிந்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “இதை நான் முந்தியே பறஞ்சேனா, இல்லியா?” என்று கேட்பார். உலகத்தில் அவர் முன்பே சொல்லாத காரியம் ஒன்றுகூட நடந்ததில்லை. ஜப்பானில் பூமி அதிர்ந்ததைக்கூட அவர் முந்தியே பறைந்திருந்தார்.

அடுத்தவர் ஒரு வக்கீலின் குமாஸ்தா. கோர்ட் ஏல விளம்பரமும் மரண அறிவிப்பும் தவிர அவருக்கு வேறு எதுவும் வேண்டாம். அதற்காகத் தாசில்தார் முடிக்கும் வரை காத்திருக்க அவருக்குப் பொறுமை கிடையாது. எதிர் பெஞ்சில் உட்கார்ந்து, தாசில்தார் விரித்துப் பிடித்திருக்கும் தாளின் பின்பக்கத்தை வாசிப்பார். தாள் மேஜையில் கிடந்தால் தலைகீழாக வாசிப்பார். வருஷக் கணக்கில் அப்படி வாசித்து, நேராக இருக்கும் எழுத்து அவருக்குக் கொஞ்சம் சிரமம் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். யாராவது செத்தால் ஊரில் முதலில் தெரிந்துகொள்பவர் அவர். அதில் அவருக்கு ஒரு அந்தஸ்து இருந்தது.

மூன்றாமவர் பள்ளிக்கூடத்துத் தமிழ் முன்ஷி. அவர் செய்தி எதையும் படித்ததாக எனக்குத் தெரியவில்லை. பிழைகளைத்தான் படித்தார். சட்டைப் பையில் சிவப்புப் பென்சில் வைத்திருப்பார். ஒற்று மிக வேண்டிய இடத்தில் மிகாமல் இருந்தால் ஒரு சுழி, ‘ழ’ வர வேண்டிய இடத்தில் ‘ள’ வந்திருந்தால் இரண்டு சுழி. ஒரு ஊரே வெள்ளத்தில் போன செய்தியை வாசித்துவிட்டு, “வெல்லத்தில் போயிற்றுன்னு போட்டிருக்கான்” என்று வருத்தப்பட்டவர் அவர். பதினோரு வருஷமாக ஒரே சம்பளம், ஒரே வகுப்பு. அவரிடம் படித்த ஒருவரே இப்போது அவருக்குத் தலைமையாசிரியர். அந்தக் கோபம் முழுவதும் மெட்ராஸ் அச்சுக்கோப்பவர்கள் மேல் இறங்கியது என்று நினைக்கிறேன்.

நான்காமவர் கொப்பரை வியாபாரி. அவருக்கு எழுத்து அறியாது. ஆனால் சந்தா கட்டுவதில் அவர்தான் முதல் ஆள். கடைசியில் வந்து, பெஞ்சின் ஓரத்தில் துண்டை மடியில் போட்டுக்கொண்டு உட்காருவார். குமாஸ்தா அவருக்குக் கொச்சிக் கொப்பரை விலையை வாசித்துச் சொல்வார். கேட்டுவிட்டு எழுந்து போய்விடுவார். மற்ற மூன்று பேருக்கும் அவர் வாசகராகவே படவில்லை. சந்தாவாகத்தான் பட்டார்.

என் காரியதரிசியோ தினமும் சாயங்காலம் மேஜை ஓரத்தில் நின்று, விளக்குக்கு எண்ணெய் பார்த்துக்கொண்டு, எல்லோர் சொல்வதற்கும் தலையாட்டிக்கொண்டிருப்பார்.

நான் சொல்ல வந்த சம்பவம் நடந்தது ஒரு ஆனி மாதம். சாரல் விடாமல் பெய்துகொண்டிருந்தது. அன்று தபால்காரர் பத்திரிகையைச் சட்டைக்குள் வைத்து நனையாமல் கொண்டுவந்தார். அடுப்பில் சாளை மீன் கறி. நான் பக்கத்தில் குத்தவைத்துக்கொண்டு ஒரு கொலை வழக்கை வாசித்தேன். சாட்சி சொல்ல வந்தவளையே வக்கீல் மடக்கி மடக்கிக் கேட்டுக்கொண்டிருந்தார். அவள் வசமாக மாட்டப்போகிறாள் என்கிற இடத்தில் சட்டி பொங்கியது. துணியைத் தேட நேரமில்லை. கையில் இருந்ததை வைத்தே சட்டியைப் பிடித்து இறக்கினேன். கையில் இருந்தது பத்திரிகை. பாதி வழியில் அது வழுக்கிவிட்டது. சட்டி உடையவில்லை. கறி மட்டும் பாதிக்கு மேல் பத்திரிகை மேல் கவிழ்ந்தது. தேங்காயும் புளியும் மிளகாயும் நாலு பக்கத்திலும் ஊறி இறங்கின. தலையங்கத்தின் மேல் ஒரு சாளை கிடந்தது.

கழுவிப் பார்த்தேன். எழுத்தும் சேர்ந்து கழன்றது. அடுப்புப் பக்கத்தில் காயவைத்தேன். அப்பளம் போல் சுருண்டது. அப்போது மணி இரண்டு இருக்கும்.

பத்திரிகை வரவில்லை என்று சொல்லிவிடலாம் என்றால், தபால்காரர் மழையில் நனையாமல் கொண்டுவந்த வீரத்தை வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போயிருப்பார். உண்மையைச் சொன்னால் மூன்றாம் விதி. விதி எழுதியவரின் பெண்டாட்டியே அதை இரண்டு வருஷமாக மீறி வந்தாள் என்றால், அவரைக் காரியதரிசியாக யார் வைத்திருப்பார்கள்? முன்னறையை வாசகசாலைக்கு விட்டதற்காகக் கிடைத்த வாடகைச் சலுகையும் போகும்.

பரணில் பழைய பத்திரிகைகள் மாத வாரியாகக் கட்டிக் கிடந்தன. என்றாவது ஒருநாள் பைண்டு செய்ய வேண்டும் என்று என் வீட்டுக்காரர் எடுத்து வைத்தவை. ஏறிப் போய், கழிந்த வருஷத்து ஜூன் மாதக் கட்டைப் பிரித்தேன். அதே தேதிப் பத்திரிகையில் முன்ஷியின் சிவப்புச் சுழிகள் நிறைந்திருந்தன. ஆனால் அந்த வருஷம் அதே மாதத்தில் முன்ஷி ஒரு வாரம் காய்ச்சலாகக் கிடந்தது ஞாபகம் வந்தது. இரண்டு நாள் தள்ளி எடுத்தால் சுத்தமான தாள்கள். பென்சில் படாத ஒன்றை எடுத்து, மடிப்பை நீவி, அன்றைய காகிதப் பட்டைக்குள் செருகி மேஜை மேல் வைத்தேன்.

தேதி பார்ப்பார்களே என்று பயமாகத்தான் இருந்தது. ஆனால் எங்கள் சமஸ்தானத்தில் கோர்ட்டும் பள்ளிக்கூடமும் ஆபீசும் கொல்லம் ஆண்டுக் கணக்கில் நடந்தன. இங்கிலீஷ் தேதி மெட்ராஸ்காரர்கள் சௌகரியத்துக்கு வைத்துக்கொண்டது என்று எல்லோரும் நினைத்தார்கள். அந்த ஒரு நம்பிக்கையில் கதவைச் சாத்திவிட்டு, ஓட்டையில் கண்ணை வைத்தேன்.

தாசில்தார் வந்தார். குடையை மடக்கினார். பத்திரிகையைப் பிரித்தார். தாள் கொஞ்சம் பழுப்பாக இருந்ததை அவர் பார்க்காமல் இல்லை.

“மழையில நனைஞ்சு வந்திருக்கு பாத்தியளா? இந்தத் தபால்காரனுக்குச் சூட்சமும் கவனமும் போதாது” என்றார்.

பிறகு வாசித்தார். பிரான்ஸ் தேசத்தில் மந்திரிசபை கவிழ்ந்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றினார். “கவிழும்னு நான் முந்தியே பறஞ்சேனா, இல்லியா?”

“பறஞ்சிய சார்” என்றார் என் வீட்டுக்காரர்.

அதில் பொய் எதுவும் இல்லை. கழிந்த வருஷம் அதே நாற்காலியில் இருந்து, அதே மந்திரிசபைக்கு, அதே வார்த்தையைத்தான் சொன்னார். அந்தத் தேசத்தில் வருஷத்துக்கு இரண்டு தரமாவது அது கவிழ்ந்துகொண்டிருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

குமாஸ்தா கழுத்தைச் சாய்த்துப் பின்பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தார். திடீரென்று நிமிர்ந்தார். “சார், அறிஞ்சியளா? உங்க பழைய பேஷ்கார் போயிட்டாரு.”

தாசில்தார் பத்திரிகையைத் திருப்பிப் பார்த்தார். தாசில்தார்களுக்கு மேலதிகாரியாக இருந்து ஓய்வுபெற்ற ஒரு பேஷ்காரின் மரண அறிவிப்பு அது. மனுஷன் செத்து ஒரு வருஷம் ஆகிவிட்டது. கழிந்த வருஷம் இதே அறிவிப்புக்கு இரண்டு பேரும் எழுந்து நின்று ஒரு நிமிஷம் மௌனமாக இருந்தார்கள். அது எனக்கு நன்றாக நினைவிருந்தது. இப்போதும் எழுந்து நின்றார்கள். நான் அடுக்களையில் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றேன். பிறகு தாசில்தார், அந்த பேஷ்கார் குதிரையில் வந்து தன் தாலுக்காவைச் சோதனை போட்ட கதையைச் சொன்னார். போன தடவை அந்தக் குதிரை கறுப்பு. இந்தத் தடவை வெள்ளை. குமாஸ்தா இரண்டு தடவையும் ஒரே ஆச்சரியத்தோடு கேட்டார்.

முன்ஷி தன் முறை வந்ததும் பென்சிலை எடுத்தார். பதினேழு பிழை கண்டுபிடித்தார். “நாளுக்கு நாள் மோசமாகுது” என்றார். அப்புறம் மூன்றாம் பக்கத்தில் எங்கோ நின்றுவிட்டார். பென்சில் அசையவே இல்லை. பையிலிருந்து ஒரு துண்டுக் காகிதம் எடுத்து எதையோ எழுதிக்கொண்டார். அவர் பத்திரிகையில் இருந்து ஒரு விஷயத்தை எடுத்து எழுதி நான் பார்த்தது அன்றுதான்.

கடைசியாகக் கொப்பரை வியாபாரி வந்தார். குமாஸ்தா விலை வாசித்தார். வியாபாரி போகாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

“ஒருக்கா கூட வாசிங்க” என்றார்.

குமாஸ்தா இன்னொரு தரம் வாசித்தார்.

“இது கழிஞ்ச வருஷத்து வெலையாக்கும்” என்றார் வியாபாரி.

மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தேன். ஆனால் நான் பயந்திருக்க வேண்டியதில்லை. தாசில்தார் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“ஓய், மெட்ராஸில படிச்ச ஆளுவ இருந்து அச்சடிக்கிய பத்திரிகையாக்கும் இது. எழுத்து அறியாத நீரு அதுக்குத் தப்பு சொல்லுதீரா?”

“நான் தப்புன்னு சொல்லல்ல சார். கழிஞ்ச வருஷத்ததுன்னு சொன்னேன்.”

“ரெண்டும் ஒண்ணுதான்.”

முன்ஷி அந்த நேரத்தில் தலையைத் தூக்கி ஒரு தரம் வியாபாரியைப் பார்த்தார். பிறகு பத்திரிகையைப் பார்த்தார். பென்சிலைப் பையில் போட்டுக்கொண்டார். வியாபாரி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். நாலு பேரில் எழுத்து தெரியாத ஒருவருக்கு மட்டும் அந்தப் பத்திரிகை எந்த வருஷத்தது என்று தெரிந்திருந்தது. படித்த மூன்று பேரும் சேர்ந்து அவரைத் திருத்திவிட்டார்கள்.

அன்று விளக்கை அணைத்த பிறகு பத்திரிகையைத் திரும்பப் பரணில் போட்டு, கறி பட்டதை அடுப்பில் போட்டேன். காரியம் இதோடு முடிந்தது என்று நினைத்தேன். இரண்டு நாள் கழித்து முன்ஷி என் வீட்டுக்காரரிடம் சொல்வது தட்டிக்கு இந்தப் பக்கம் கேட்டது.

“திருநெல்வேலிச் சீமையில ஒரு ஹைஸ்கூல். தலைமைத் தமிழாசிரியர் வேண்டும்னு நம்ம பத்திரிகையில விளம்பரம் கண்டேன். ஆனி முடியியதுக்குள்ள எழுதணும். நான் எழுதிப் போட்டாச்சு.”

அந்த வேலை ஒரு வருஷத்துக்கு முன்பே யாருக்கோ கிடைத்திருக்கும். இந்த மனுஷன் பதினோரு வருஷத்துக்கு அப்புறம் முதல் தடவையாக ஒரு விண்ணப்பம் எழுதியிருக்கிறார். அதற்கு என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் முன்ஷியின் மனைவி என்னைப் பார்த்து, “ஜெபத்தில நினைச்சுக்கிடு பிள்ளே” என்று கையைப் பிடித்தாள். நினைத்துக்கொண்டேன். என்ன கேட்டு ஜெபிப்பது என்றுதான் விளங்கவில்லை. ஒரு வருஷத்துக்கு முன் நிரப்பிவிட்ட இடத்தைக் காலியாக்கித் தரும்படி ஆண்டவரிடம் கேட்கக் கூச்சமாக இருந்தது.

அந்த வாரத்தில் ஒரு மத்தியானம் கொப்பரை வியாபாரி பின்வாசலில் வந்து நின்றார். மழைத் தண்ணீர் சொட்டும் குடையைச் சுவரில் சாய்த்தார்.

“மக்ளே, ஒரு காரியம் கேப்பேன். அந்தப் பத்திரிகை கழிஞ்ச வருஷத்ததுதானே?”

நான் குனிந்து அடுப்பை ஊதினேன்.

“எனக்கு எழுத்து அறியாது. ஆனா வெலை மறக்காது. அந்த வெலைக்கு நான் வாங்கின சரக்கு எந்தப் பெரையில எந்த மூலையில அடுக்கிக் கிடந்ததுன்னுகூடச் சொல்லுவேன்.”

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சாளைக் கறியில் தொடங்கி முன்ஷி வரைக்கும். அவர் சிரிக்கவில்லை. தலையை ஆட்டிக்கொண்டு கேட்டார்.

“அப்பம் நீ தினமும் உச்சைக்கே வாசிச்சுப்போடுவே?”

“ஆமா மாமா.”

“நான் யாருக்கிட்டயும் பறைய மாட்டேன். நீ உச்சைக்கு எனக்கு அந்த வெலையை மட்டும் வாசிச்சுச் சொல்லு. சாயங்காலம் அவ்வளவு பேரு முன்னால கேட்டா, அடுத்த கடைக்காரனுக்கும் சேத்துல்லா தெரிஞ்சுபோவுது.”

அவருக்கு என் மேல் இரக்கம் வந்தது என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, அவருக்கு நாலரை மணி நேரம் லாபம் வந்தது என்று. ஆனாலும் மற்றவர்கள் வாசிப்பதைவிட நான் வாசிப்பது அவருக்குப் பிடித்திருந்தது. குமாஸ்தா வாசித்தால் நடுவில் தன் அபிப்பிராயத்தையும் சேர்த்துவிடுவாராம். விலை கேட்க வந்தவர் நாளடைவில், “வேற என்ன உண்டு?” என்று கேட்க ஆரம்பித்தார். கொலை வழக்கின் முடிவை நான் அவருக்குத்தான் வாசித்துக் காட்டினேன். சாட்சி சொன்னவள் மாட்டவில்லை.

அப்படி வாசித்துக்கொண்டிருந்த ஒரு நாள் என் வீட்டுக்காரர் மறந்துவிட்ட பேனாவை எடுக்க மத்தியானத்தில் வந்துவிட்டார். அடுக்களை நடுவில் பத்திரிகை விரித்துக் கிடக்கிறது. நான் உரக்க வாசிக்கிறேன். பின்வாசல் படியில் வாசகசாலையின் மூத்த சந்தாதாரர் தாடையில் கைவைத்துக் கேட்கிறார். வியாபாரி எழுந்து குடையை எடுத்துக்கொண்டு நழுவினார்.

“எப்பம் இருந்து?” என்றார் என் வீட்டுக்காரர்.

“கல்யாணம் கழிஞ்ச மறுமாசம் இருந்து.”

“விதி நான் எழுதினதாக்கும்.”

“அதையும் வாசிச்சிட்டுண்டு.”

அவர் உட்கார்ந்துவிட்டார். இனி மறைத்து என்ன என்று பழைய பத்திரிகை விவரத்தையும் சொன்னேன். அவர் முகம் வெளுத்தது. வருஷக் கூட்டம் அடுத்த மாதம். தாசில்தாரின் முகத்தை அவர் கற்பனை செய்கிறார் என்று தெரிந்தது. ஆனால் என்னைத் திட்டவில்லை. தாழ்ந்த குரலில் கேட்டார்.

“இன்னைக்கு என்னவாக்கும் சமாச்சாரம்?”

“நீங்க சாயங்காலம் வாசிக்க மாட்டியளா?”

“எங்க வாசிக்கது? தாசில்தார் வச்சா முன்ஷி, எதிர இருந்து எப்பவும் குமாஸ்தா. அவங்க போகும்போ விளக்குல எண்ணெய் தீர்ந்திரும். பகலெல்லாம் நகல் எழுதி எழுதி எனக்கும் எழுத்தைக் கண்டாலே மடுப்பு, சலிச்சுப்போச்சு. தாசில்தார் சொல்லியதைக் கேட்டுக்கிடுவேன்.”

ஆறு வருஷமாக வாசகசாலை நடத்தும் மனுஷன் ஒரு பத்திரிகையைக்கூட வாசித்ததில்லை. அன்று முதல் மத்தியானம் அவருக்கும் ஒரு பங்கு எடுத்து வைத்தேன். சாயங்காலம் அவர் கோர்ட்டிலிருந்து வந்ததும் காப்பி கொடுக்கும்போது சொல்வேன். சில மாதத்தில் அவர் சபையில் ஒரு வார்த்தை இரண்டு வார்த்தை பேசத் தொடங்கினார். காரியதரிசிக்கு விஷய ஞானம் கூடிவிட்டது என்று தாசில்தாரே ஒரு தரம் சொன்னார்.

முன்ஷிக்குப் பதில் வந்தது ஆடி மாதத்தில். அதை வாசகசாலைக்கே கொண்டுவந்து, நின்றுகொண்டு வாசித்தார். நான் ஓட்டையில் கண்ணை வைக்கவில்லை. காதை மட்டும் வைத்தேன்.

‘தாங்கள் குறிப்பிடும் விளம்பரம் நாங்கள் சென்ற வருஷம் செய்தது. ஆயினும் அப்போது நியமிக்கப்பட்டவர் பதினைந்து நாளைக்கு முன் ராஜினாமாச் செய்து ஊருக்குப் போய்விட்டார். நாங்கள் இன்னும் விளம்பரம் செய்யவில்லை. தாங்கள் நேரில் வந்து காணவும்.’

ஜெபத்தில் கேட்கக் கூசியதை ஆண்டவர் கேட்காமலே தந்துவிட்டாரே என்று எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது.

தாசில்தாருக்கு மட்டும் கோபம் வந்தது. “கழிஞ்ச வருஷத்து விளம்பரத்தை இந்த வருஷம் போட்டிருக்கான். என்ன பத்திரிகை நடத்துதான்? நான் எழுதிக் கேக்கேன்.”

எழுதினார். மூன்று பக்கம். சுத்தமாக நகல் எடுத்தது என் வீட்டுக்காரர். அன்றைக்கு அவர் எழுத்து அவ்வளவு அழகாக இல்லை. பத்து நாளில் பத்திராதிபரிடமிருந்து மரியாதையான பதில் வந்தது. தாங்கள் கூறும் தேதியில் அப்படி ஒரு விளம்பரமே வெளியாகவில்லை, தங்களிடம் பிரதி இருந்தால் அனுப்பவும் என்று. தாசில்தார் திரும்பினார்.

“அந்தப் பிரதி எங்க ஓய்?”

என் வீட்டுக்காரர் அதுவரை பொய் சொல்லி நான் கேட்டதில்லை. “கறையான் சார்” என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

பத்திராதிபர் தன்னை நம்பவில்லை என்பது தாசில்தாருக்குத் தாங்கவில்லை. அந்தப் பத்திரிகையை இனித் தொடுவதில்லை என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். அடுத்து வந்த எட்டு நாளும் வாசகசாலை இருந்த இருப்பைச் சொல்ல வேண்டும். குமாஸ்தா முதல் தடவையாகப் பத்திரிகையைக் கையில் வைத்து நேராக வாசித்தார். என் வீட்டுக்காரர் கைவைத்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார். யாரும் எதையும் முந்தியே பறையவில்லை. ஒன்பதாம் நாள் தாசில்தார் குடையோடு வந்து, ஒரு வார்த்தை பேசாமல் நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினார். குமாஸ்தா கொடுத்துவிட்டு எதிர் பெஞ்சுக்குப் போனார்.

முன்ஷி நேரில் போய் வந்தார். வேலை கிடைத்தது. ஆவணி தொடக்கத்தில் சாமான்களை மாட்டு வண்டியில் ஏற்றி, அவரும் மனைவியும் வடசேரிக்குப் போய் பஸ் ஏறினார்கள். போகும்போது அவர் மனைவி எனக்குத் தண்ணீர் வைக்க ஒரு வெண்கலக் குத்துப்போணி கொடுத்தாள். என் ஜெபத்தின் பலன் என்றாள். வாங்கிக்கொள்ளாமல் இருக்க முடியவில்லை.

ஆறு வருஷம் கழித்து ஒரு கிறிஸ்மஸ் லீவில் முன்ஷி எங்கள் வீட்டுக்கு வந்தார். கொஞ்சம் தடித்திருந்தார். வாசகசாலை அப்போது கடைத்தெருவில் வேறு கட்டிடத்துக்குப் போயிருந்தது. முன்னறை எங்களுடையதாகி, அதில் எங்கள் சொந்தச் செலவில் ஒரு பத்திரிகையும் வந்துகொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் காப்பிக்குப் பால் வாங்கப் போன நேரத்தில், இனிமேலும் வைத்துக்கொள்ளக் கூடாது என்று தோன்றியது. குத்துப்போணி விஷயம் வேறு ஆறு வருஷமாக உறுத்திக்கொண்டிருந்தது.

“அண்ணாச்சி, நான் உங்களுக்கு ஒரு துரோகம் செய்தேன்” என்று தொடங்கி எல்லாம் சொன்னேன்.

அவர் மெதுவாகக் கேட்டார். முடித்ததும் கண்ணாடியைத் துடைத்தார்.

“அது பழைய பத்திரிகைன்னு எனக்கு அன்னைக்கே அறியும் தங்கச்சி.”

நான் விழித்தேன்.

“கொப்பரைக்காரர் சொன்னாருல்லா, அப்பம் பாத்தேன். மேல வருஷம் தெளிவாப் போட்டிருந்தது.”

“பின்னே ஏன் ஒண்ணும் சொல்லல்ல? பிழை கண்டா விட மாட்டியளே?”

“அதில பிழை என்ன உண்டு? தேதி சரியாத்தானே அச்சாயிருந்தது” என்றார் முன்ஷி.

பிறகு சிரிக்காமலே சொன்னார். “சொல்லியிருந்தா தாசில்தார் பத்திரிகையை வாங்கிப் பாப்பாரு. விளம்பரமும் போயிரும். பழைய இடமானாலும் எழுதிப் பாப்போம்னு தோணிச்சு. கிடைக்காதுன்னு நல்லா அறியும். கிடைக்காத வேலைக்கு எழுதத்தான் எனக்குத் தைரியம் வந்தது. கிடைக்கிய வேலைன்னா எழுதியிருக்க மாட்டேன்.”

பால் வந்தது. காப்பி போட்டுக் கொடுத்தேன். மேஜை மேல் கிடந்த அன்றைய பத்திரிகையைக் கையில் எடுத்தவர், பிரிக்காமல் என்னைப் பார்த்து, “நீங்க முதல்ல எந்தப் பக்கம் வாசிப்பிய?” என்று கேட்டார்.

அதுவரை என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. தாசில்தாரையும் குமாஸ்தாவையும் முன்ஷியையும் ஓட்டை வழியாகப் பார்த்துப் பார்த்துச் சிரித்தவள் நான். என்னை யாரும் பார்த்ததில்லை. தலையங்கம் என்று சொன்னேன். முன்ஷி மிகவும் மதிப்போடு தலையை ஆட்டினார். உண்மையில் நான் முதலில் பார்ப்பது நாலாம் பக்கத்துக் கூந்தல் தைல விளம்பரம். அதில் முழங்கால் வரை முடி தொங்கவிட்டு ஒருத்தி நிற்பாள். அவளைப் பார்த்துவிட்டுத்தான் எனக்கு உலகச் செய்தி.